எல்லாரும் நடுவில் இருக்க முடியுமா?

ஒரு நாட்டின் அரசியலை அறிய விரும்புகிறவர்கள், அந்நாட்டுத் தலைவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. யாரை விளித்துப் பேசுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு மேடைகளில் 'ஏழை எளிய மக்களே' என்ற விளி இன்றும் வழக்கில் இருக்கிறது. உழவர், தொழிலாளர், பிற்பட்டோர் என்று மக்களைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறு அழைப்பது அருமை. அங்கே எதிரெதிராக நிற்கும் இரு பெருங்கட்சிகளும் பெரும்பாலும் ஒரே பெயரைச் சொல்லியே வாக்குக் கேட்கின்றன. அந்தப் பெயர் 'நடுத்தர வகுப்பு'.

1992இல் கிளிண்டன், மறக்கப்பட்ட நடுத்தர வகுப்பினருக்காகத் தாம் போட்டியிடுவதாகச் சொன்னார். 2009இல் ஒபாமா பதவியேற்றவுடன் நடுத்தரக் குடும்பங்களின் நலனுக்கென ஒரு குழு அமைத்து, அதன் தலைமையைத் துணைத் தலைவர் பைடனிடம் ஒப்படைத்தார். 2017இல் கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 35இலிருந்து 21ஆகக் குறைத்த சட்டத்தையும் டிரம்ப் நடுத்தர வகுப்பினருக்கு நன்மை செய்யும் சட்டம் என்றே எடுத்துரைத்தார். 2024இல் கமலா ஹாரிஸ், தாம் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதை மேடைகளில் அடிக்கடி சொல்லிவந்தார். கொள்கை வேறு, கட்சி வேறு. விளி மட்டும் ஒன்று.

இந்த விளியைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அமெரிக்காவில் 'நடுத்தர வகுப்பு' என்பது ஒரு கூட்டத்தாரின் நிலையைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிடவில்லை; எல்லாரும் ஏற்றுக்கொள்ளுமாறு அழைக்கப்படும் ஒரு பட்டமாக ஆகியிருக்கிறது. அந்தப் பட்டம் ஒரு காலத்தில் பெருநன்மை செய்தது. ஆனால் அதைச் செய்தவை சட்டமும், தொழிற்சங்கமும், வரியும் ஆகும். அவை தளர்ந்த பின்பும் பட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பொருள் போய்ப் பெயர் மட்டும் எஞ்சும்போது, அந்தப் பெயர் மக்களுக்கு உதவுவதைவிட உண்மையை மறைக்கவே உதவுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலம் தந்த நம்பிக்கை

பெருஞ்செல்வரும் பரம ஏழைகளும் மிகுந்த நாட்டில் ஆட்சி நிலைக்காது; நடுத்தரத்தார் மிகுந்த நாட்டிலேயே அது நிலைக்கும் என்று அரிஸ்டாட்டில் என்றோ சொல்லிவைத்தார். ஐரோப்பாவில் அது ஏட்டில் இருந்தது. அமெரிக்காவில் அது கண்ணெதிரே நடப்பதாகப் பலர் நம்பினார்கள். அங்கே பிரபுக்களும் குறைவு, பிச்சைக்காரரும் குறைவு, எல்லாரும் ஓரளவு வாழ்கிறார்கள் என்று 1780களிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் ஐரோப்பியருக்கு எழுதினார். சிறு நிலத்தைத் தானே உழுது, யார்க்கும் கைகட்டி நிற்காமல் வாழும் உழவனே குடியரசின் தூண் என்று ஜெபர்சன் கருதினார். 1831இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சு அறிஞர் டோக்வில், மக்களிடையே நிலவிய சமநிலையைக் கண்டு வியந்து, அதைப் பற்றி இரு பெருநூல்களே எழுதிவிட்டார்.

இவர்கள் கண்டது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே. 1790இல் எடுத்த முதல் குடிக்கணக்கில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 39 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். உழவனின் தன்மானத்தைப் போற்றிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். நடுவில் இருப்போரை எண்ணியவர்கள், கீழே கிடந்தோரை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டால் எந்த நாடும் சமத்துவ நாடாகத்தான் தோன்றும்!

1862இல் லிங்கன் காலத்தில் குடியேற்ற நிலச் சட்டம் பிறந்தது. ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம், சிறு பதிவுக் கட்டணம் தவிர விலையில்லாமல் உரிமையாயிற்று. காலப்போக்கில் ஏறத்தாழ 16 லட்சம் பேர், 27 கோடி ஏக்கர் நிலத்தை இவ்வாறு பெற்றனர். அந்நாட்டு மொத்த நிலப்பரப்பில் இது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்க நடுத்தர வகுப்பு தன் சொந்தக் காலில் எழுந்து நின்றது என்று பேசுவோர் இதனை மறக்கலாகாது. அதன் காலடியில் இருந்த நிலமே அரசாங்கம் கொடுத்தது. அந்த நிலத்தை அரசாங்கம் பெற்றது யாரிடமிருந்து? தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து, போராலும் முறிக்கப்பட்ட ஒப்பந்தங்களாலும் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு 1865இல் தென்கடற்கரையில் ஒதுக்கப்பட்ட நாற்பது நாற்பது ஏக்கர் நிலமோ, அதே ஆண்டிலேயே பழைய எசமானர்களிடம் திரும்பிப் போயிற்று.

மே நாள் பிறந்த ஊர்

பிற்பாடு ஆலைகள் வந்தன. நிலத்தை உழுதவனின் மகன் கூலிக்கு உழைப்பவனானான். கூலிக்கு உழைப்பது ஒரு படிதான்; இன்று கூலி வாங்குபவன் நாளை சேமித்து நிலமோ கடையோ வாங்குவான், மறுநாள் அவனே வேறொருவனுக்குக் கூலி கொடுப்பான் என்று லிங்கன் நம்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1892இல் கார்னகியின் எஃகு ஆலையிலும், 1894இல் புல்மன் இரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் நடந்த வேலைநிறுத்தங்கள் துப்பாக்கியால் அடக்கப்பட்டன.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் சிகாகோ நகரில் எழுந்த கிளர்ச்சியின் நினைவாகவே உலகெங்கும் மே நாள் கொண்டாடப்படுகிறது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொடியேற்றி அந்நாளை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டாடினார். ஆனால் சிகாகோ இருக்கும் நாட்டில் மே நாள் விடுமுறையன்று. 1894இல் அந்நாட்டு அரசு செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் நாள் என்று அமைத்துக்கொண்டது. பிள்ளை பிறந்த வீட்டில் பிறந்தநாள் விழா இல்லை! தொழிலாளி ஒரு தனி வகுப்பாகத் தன்னை எண்ணுவதை அந்நாடு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவில் பொதுவுடைமைக் கட்சிகள் ஏன் வேரூன்றவில்லை என்று 1906இல் ஜெர்மானிய அறிஞர் சோம்பார்ட் ஒரு நூலே எழுதினார். அன்றிலிருந்து இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மறுக்க முடியாது. அங்கே தொழிலாளிக்கு 'நாளை நீயும் நடுத்தரத்தான்' என்ற நம்பிக்கை இடைவிடாமல் ஊட்டப்பட்டது. நாளை விட்டுவிடப் போகும் பெயருக்காக இன்று யார் போராடுவார்?

சட்டம் ஆக்கிய வகுப்பு

1929இல் பெருமந்தம் வந்து இந்நம்பிக்கையைச் சிதைத்தது. அதன் பிறகு ரூஸ்வெல்ட் ஆட்சியிலும் அதைத் தொடர்ந்தும் நடந்தவற்றை நான் அமெரிக்க வரலாற்றின் பெருஞ்செயல்களுள் ஒன்றாக மதிக்கிறேன். 1935இல் சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் முதுமைக்கால ஓய்வூதியமும் வேலையிழந்தோர்க்கு உதவியும் சட்டமாயின. 1938இல் குறைந்தபட்சக் கூலியும், வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையை நோக்கிய வரம்பும் வந்தன. வீடு வாங்குவோருக்கு அரசு பொறுப்பேற்று நீண்டகாலக் கடன் கிடைக்க வழி செய்தது. 1944இல் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கென வந்த சட்டத்தால் ஏறத்தாழ 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் 22 லட்சம் பேர் கல்லூரி வாயிலை மிதித்தனர்.

இதன் பயன் என்ன? 1940இல் நூற்றுக்கு 44 குடும்பங்களுக்கே சொந்த வீடு இருந்தது. 1960இல் நூற்றுக்கு 62 குடும்பங்களுக்கு இருந்தது. 1947 முதல் 1973 வரையிலான காலத்தில், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும், நடுநிலைக் குடும்பம் ஒன்றின் வருமானம் ஏறத்தாழ இரட்டித்தது. 1950களின் நடுவில் உழைப்பாளிகளில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். அதே காலத்தில் மிக உயர்ந்த வருமானப் படியின் மீது விதித்த வரி நூற்றுக்கு 91! அப்போது ஆட்சியில் இருந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஐசன்ஹோவர். அவர் பொதுவுடைமைவாதி அல்லர்.

1959 ஜூலையில் மாஸ்கோ நகரில் அமெரிக்கப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்த மாதிரி வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டு, அன்றைய துணைத் தலைவர் நிக்சன், எங்கள் நாட்டு எஃகு ஆலைத் தொழிலாளிகூட இத்தகைய வீட்டை வாங்கலாம் என்று குருஷ்சேவிடம் பெருமை பேசினார். அது வெறும் பெருமையன்று, பெருமளவு உண்மை. ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டோரில் பலர் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிக்சன் அங்கே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் எஃகுத் தொழிலாளர் ஐந்து லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த வீட்டைத் தொழிலாளிக்கு வாங்கித் தந்ததில் தனிமனிதச் சிக்கனத்துக்குப் பங்கு உண்டுதான். வேலைநிறுத்தத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு. நிக்சன் வீட்டைக் காட்டினார்; வேலைநிறுத்தத்தைப் போகிறபோக்கில் குறிப்பிட்டாரே தவிர, அதன் பங்கைக் காட்டவில்லை.

வேலிக்கு வெளியே

இனி, அந்த வீட்டுக்குள் யார் போக முடிந்தது என்று பார்ப்போம்.

1947இல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்னும் புறநகர் எழத் தொடங்கியது. ஆலையில் பொருள் செய்வதுபோல் வீடுகளைச் செய்து, 17,000க்கு மேற்பட்ட வீடுகளை நான்கைந்து ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். நடுத்தர வாழ்வின் அடையாளம் என்று உலகெங்கும் அதன் படம் பரவியது. ஆனால் அதன் தொடக்ககால வாடகை ஒப்பந்தத்திலேயே, வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. அரசு பொறுப்பேற்ற வீட்டுக் கடன்களும் அவ்வாறே அளிக்கப்பட்டன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று தீர்மானித்தார்கள். 1947இல் மிசிசிப்பி மாநிலத்து நகரங்களில் போர்வீரர் சட்டத்தின்படி அளித்த 3,200க்கு மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அவர்களும் அதே போரில் அதே கொடியின் கீழ் நின்றவர்கள்தாம். 1935இல் வந்த ஓய்வூதியச் சட்டமும் வயலில் கூலிக்கு உழைப்போரையும் வீட்டு வேலை செய்வோரையும் முதலில் விலக்கியே வைத்தது. தெற்கே அவ்வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீடு என்பது அமெரிக்காவில் குடியிருக்கும் இடம் மட்டுமன்று, குடும்பத்தின் முதல். தந்தை வாங்கிய வீடு மகனின் கல்லூரிக் கட்டணமாகிறது, பேரனின் தொழிலுக்கு மூலதனமாகிறது. ஆகவே அன்று அடைத்த கதவு இன்றும் அடைபட்டே இருப்பதுபோல் ஆகிவிட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நடுநிலையில் உள்ள வெள்ளையர் குடும்பத்தின் சொத்து ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து ஏறத்தாழ 45,000 டாலர்.

நடுத்தர வகுப்பின் பெருமை உச்சியில் இருந்த 1959இல், அந்நாட்டு அரசின் கணக்குப்படியே நூற்றுக்கு 22 பேருக்கு மேல் வறுமையில் இருந்தார்கள். 1962இல் மைக்கேல் ஹாரிங்டன் எழுதிய 'மற்றோர் அமெரிக்கா' என்ற நூல் வந்தபோதுதான் படித்தவர்களில் பலர் விழித்துக்கொண்டார்கள். ஏழைகள் எங்கோ காட்டில் ஒளிந்திருக்கவில்லை. 'நாமெல்லாரும் நடுத்தரம்' என்ற பேச்சு கண்ணை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

கேட்கும் விதம்

பெயரின் வலிமையை அறிய இரண்டு கணிப்புகளை ஒப்பிட்டால் போதும். 1940இல் ஃபார்ச்சூன் இதழ், மேல் வகுப்பு, நடு வகுப்பு, கீழ் வகுப்பு என்ற மூன்றைக் கொடுத்து, இவற்றுள் நீர் எது என்று மக்களைக் கேட்டது. நூற்றுக்கு 79 பேர் நடு வகுப்பு என்றார்கள். ஐந்தே ஆண்டுகள் கழித்து, ரிச்சர்ட் சென்டர்ஸ் என்ற உளநூல் அறிஞர் அதே கேள்வியை, 'உழைக்கும் வகுப்பு' என்ற நான்காவது பெயரையும் சேர்த்துக் கேட்டார். நூற்றுக்கு 51 பேர் உழைக்கும் வகுப்பு என்றார்கள். நடு வகுப்பு என்றவர்கள் 43 பேர்.

மக்கள் ஐந்து ஆண்டுகளில் மாறிவிடவில்லை. கீழ் வகுப்பு என்று தன்னைச் சொல்லிக்கொள்ள மானமுள்ள எவனுக்கு மனம் வரும்? நடு என்பதைத் தவிர வேறு வழி வைக்காமல் கேட்டால் நடு என்றுதான் சொல்வான். உழைப்பவன் என்ற மதிப்பான பெயரைக் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்வான். இந்த ஒரு சான்றுக்காகவே அந்த அறிஞரை நான் பாராட்டுவேன். அரசியல் மேடை இன்றும் முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இப்பெயர் மேலே இருப்போருக்கும் நிழல் தருகிறது. 2008இல் ஒபாமா, ஆண்டுக்கு 2,50,000 டாலருக்குக் குறைவாக ஈட்டும் குடும்பங்களுக்கு வரி உயராது என்று நடுத்தர வகுப்பின் பெயரால் உறுதி சொன்னார். அப்போது நடுநிலைக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 50,000 டாலர். 2020இல் பைடன் அந்த எல்லையை 4,00,000 டாலருக்கு உயர்த்தினார். அதுவோ நடுநிலை வருமானத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. உண்மையான நடுவைவிட ஐந்து மடங்கு, ஆறு மடங்கு ஈட்டுபவரும் நடுத்தரமே என்றால், மேல்தரம் என்று யாரைத்தான் சொல்வது? எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்று கேட்பார்கள் நம் ஊரில். தூக்குகிறவனையும் பல்லக்கில் இருப்பவனாகவே எண்ண வைப்பதுதான் இந்தப் பெயரின் சாமர்த்தியம்.

தேய்ந்த காலம்

1970களிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. ஆலைகள் வெளிநாடுகளுக்குப் போயின, இயந்திரங்கள் பெருகின. இவை மட்டுமே காரணம் என்றால் விதியென்று விட்டுவிடலாம். ஆனால் மனிதர் செய்தவையும் உண்டு. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் 11,000க்கு மேற்பட்டோரை ரீகன் ஒரே ஆணையில் நீக்கினார். முதலாளிகள் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டார்கள். ஒரு காலத்தில் நூற்றுக்கு 91ஆக இருந்த உச்ச வரி, 1988இல் 28ஆக இறங்கியது. பிறகு ஓரளவு ஏறினாலும் பழைய அளவின் பாதியைக்கூட எட்டவில்லை. மூன்றில் ஒருவர் இருந்த தொழிற்சங்கங்களில் 2024இல் பத்தில் ஒருவரே இருந்தார். 2009இல் மணிக்கு 7.25 டாலர் என்று அமைந்த தேசியக் குறைந்தபட்சக் கூலி, 2024 முடியும்வரை ஒரு காசுகூட உயரவில்லை. 1944இல் கல்லூரிக்கு அனுப்பிய அரசே கடன் கொடுக்கும் அரசாகவும் ஆயிற்று. நாலு கோடிக்கு மேற்பட்டோர் தலையில் மொத்தம் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர் கல்விக் கடன் ஏறியிருக்கிறது.

பியூ ஆய்வு நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 1971இல் வயதுவந்தோருள் நூற்றுக்கு 61 பேர் நடுத்தர வருமானக் குடும்பங்களில் இருந்தார்கள். 2021இல் 50 பேர். 1970இல் நாட்டுக் குடும்ப வருமானத்தில் நடுத்தரத்தாருக்குச் சென்றது நூற்றுக்கு 62 பங்கு. 2020இல் 42 பங்கு. குறைந்துபோனவர்கள் எல்லாரும் கீழே விழவில்லை. பலர் மேலே ஏறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது நேர்மை. ஆனால் ஏறியவனுக்கும் விழுந்தவனுக்கும் இடையே தூரம் வளர்ந்திருக்கிறது என்பதும் அதே கணக்கு சொல்லும் உண்மை. இதற்கிடையில், 1973இல் நூற்றுக்கு 11 என்று இருந்த வறுமை விகிதம், ஏறியும் இறங்கியும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 2023இலும் அதே 11இல் நின்றது.

இவ்வளவு நடந்தும், 2024இல் காலப் நிறுவனம் கேட்டபோது நூற்றுக்கு 54 பேர் தங்களை நடு வகுப்பு அல்லது மேல்நடு வகுப்பு என்றார்கள். எஞ்சியோரில் 43 பேர் உழைக்கும் வகுப்பு அல்லது கீழ் வகுப்பு என்றார்கள். இந்த 43 பேரை விளிக்கும் சொல் மேடையில் அரிதாகவே ஒலிக்கிறது. பெயரில்லாத மனக்குறை, பெயர் சூட்டிக் கூப்பிடுகிற எவன் பின்னாலும் போகும். இன்னாரால்தான் உன் வாழ்வு கெட்டது என்று அயலானையும் அகதியையும் சுட்டிக்காட்டுகிறவனுக்கு அது எளிதில் கைவசமாகும். 2024 தேர்தலில் கல்லூரிப் பட்டமில்லாத வாக்காளரில் பெரும்பாலோர் டிரம்ப்பின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

மறுப்பும் விடையும்

நண்பர்கள் சிலர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: "மக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சண்டை மூட்டுவதைவிட, எல்லாரும் ஒன்று என்று சொல்வது நல்லதல்லவா? அந்தப் பெயரால்தானே அங்கே இரத்தப் புரட்சி நேரவில்லை?"

இக்கேள்வி தள்ளத்தக்கதன்று. எல்லாரும் ஓரளவு வாழ வேண்டும், யாரும் யார் காலிலும் விழக்கூடாது என்ற எண்ணம் உயர்ந்த எண்ணமே. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டில் பிறந்த நமக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். ஆனால் எண்ணம் வேறு, முழக்கம் வேறு. 1935இலும் 1944இலும் அந்த எண்ணம் சட்டமாயிற்று. ஆகவே வீடாயிற்று, பள்ளியாயிற்று. இன்று அது முழக்கமாக நிற்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? மேலும், ஒற்றுமை என்பது கீழே இருப்பவனையும் அறிந்து, அவனையும் சேர்த்துக்கொள்வதால் வருவது. அவன் இல்லை என்று சொல்லிவிடுவதால் வருவதன்று. மார்ட்டின் லூதர் கிங் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1963இல் வாஷிங்டன் நகரில் அவர் பேசிய பெரும்பேரணி 'வேலைக்காகவும் விடுதலைக்காகவும்' என்ற பெயரால் நடந்தது. 1968இல் அவர் சுடப்பட்டபோது, மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கச் சென்றிருந்தார்.

நமக்கு என்ன?

தலைநகரில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது எதற்கு என்று எண்ண வேண்டாம். நம்முள் பலர் மேற்படிப்புக்கு அந்நாட்டுக்கே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நமக்கு முன்னே இந்நகரிலிருந்து போன ஒரு தமிழ் மாணவியை உலகமே அறியும். சென்னையில் பிறந்து, தில்லி லேடி இர்வின் கல்லூரியில் பட்டம் பெற்ற சியாமளா கோபாலன், 1958இல் தம் பத்தொன்பதாம் வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார், புற்றுநோய் ஆராய்ச்சியாளரானார். பத்து ஆண்டுகளுக்கு மேல் பணம் சேர்த்த பிறகே அவரால் ஒரு வீடு வாங்க முடிந்தது என்று அவர் மகள் கமலா ஹாரிஸ் மேடைகளில் சொன்னார். கேட்டவர்கள் அதை உழைப்பின் வெற்றி என்று கைதட்டினார்கள். உழைப்புத்தான், ஐயமில்லை. ஆனால் அந்தத் தாய், பெர்க்லியில் படித்த காலத்திலேயே கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தில் கலந்துகொண்டவர். கதவு தானாகத் திறக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1923இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையரல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் அத்தடை நீங்கினாலும் ஆண்டுக்கு நூறு இந்தியர் மட்டுமே குடியேறலாம் என்ற அளவே இருந்தது. உரிமை இயக்கம் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய பின்னர், 1965இல் வந்த குடியேற்றச் சட்டந்தான் நம்மவர்க்கு வழி திறந்தது. அச்சட்டம் படித்தவர்களையும் தொழில் தேர்ந்தவர்களையும் விரும்பி எடுத்துக்கொண்டது. ஆகவே நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் அடிமட்டத்திலிருந்து நடுத்தர வகுப்புக்கு ஏறினார்கள் என்பதைவிட, ஏறத்தக்கவர்களாகவே பொறுக்கி எடுக்கப்பட்டார்கள் என்பதே பொருந்தும். அவர்களைக் கற்பித்தவை, பெரும்பாலும் இந்நாட்டு ஏழைகளின் வரிப்பணத்தில் நடந்த கல்லூரிகள். இதை மறந்துவிட்டு, "நாங்கள் முன்னேறவில்லையா? கறுப்பின மக்கள் ஏன் முன்னேறவில்லை?" என்று கேட்கும் தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். கேட்பதற்கு முன் லெவிட்டவுன் ஒப்பந்தத்தை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போகிறவர் போகட்டும். அங்கே கற்கவேண்டியவை ஏராளம். போகாமல் இங்கே இருப்பவர்களும் அந்நாட்டைப் பற்றிப் படிக்கட்டும். ஆனால் 'நடுத்தர வகுப்பு' என்ற சொல்லை ஒரு தலைவர் உச்சரிக்கும்போது, மூன்று கேள்விகளை மனத்தில் எழுப்பிக்கொள்ளுங்கள். இவர் சொல்லும் நடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அந்த நடுவைக் கட்டிய சட்டங்களையும் சங்கங்களையும் இவர் காக்கிறாரா, கலைக்கிறாரா? அந்த நடுவுக்கு வெளியே நிற்பவர் யார், அவர் பெயரை இவர் ஒருமுறையேனும் சொன்னாரா? மூன்றுக்கும் விடை சொல்கிறவரின் பேச்சை உட்கார்ந்து கேளுங்கள். சொல்லாதவர் எந்தக் கட்சிக்காரராயினும், அவருக்குக் கைதட்டுவதற்குமுன் சற்றுப் பொறுங்கள்.